31 ஆண்டுக்கு முன் எடுத்த கைரேகை: ஒரு திறந்த மடல்

ரகசிய ஆவணங்களைக் கையாளும் அரசுப் பணிகளுக்கு ஆள் எடுப்போருக்கும், அதற்கான விதிகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் 31 ஆண்டுகளாக இருக்கிறேன். ஒருவரின் வருமானக் கணக்கு, இன்னொருவரின் மருத்துவக் குறிப்பு, தத்து போன குழந்தையின் விவரம், சாட்சி சொன்னவரின் முகவரி என்று வெளியே போகவே கூடாத காகிதங்கள் எங்கள் மேசை வழியாகத்தான் நகர்கின்றன. வேலையில் சேர்ந்தபோது என் பத்து விரலிலும் கறுப்பு மை தடவி, அட்டையில் ஒவ்வொன்றாக உருட்டி ரேகை எடுத்தார்கள். நகக்கண்ணில் புகுந்த மை போக நான்கு நாளாயிற்று. ‘வழக்கு ஏதும் இல்லை’ என்று காவல் துறையிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. பழுப்பேறிப்போன அந்தத் தாள் என் பணிப்பதிவேட்டில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அப்புறம் இத்தனை ஆண்டில் ஒருவர்கூட என்னைப் பற்றி எதையும் விசாரித்ததில்லை. இடையில் நான் கடனில் மூழ்கினேனா, எங்காவது கைதாகி ஜாமீனில் வந்தேனா, எதுவும் உங்களுக்குத் தெரியாது.

சரிபார்ப்பே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த ஆள் இதற்கு முன் பிடிபட்டிருக்கிறாரா? ‘இவரை நம்பலாமா’ என்ற கேள்விக்கும் அதே தாளைப் பதிலாக எடுத்துக்கொள்கிறீர்களே, அங்கேதான் வம்பு.

அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-ல் சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார். அரசுச் சம்பளக்காரர், 5,40,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கினார், ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். 1986-லும் 1991-லும் பொய் கண்டறியும் சோதனையில் தேறினார். பிடிபட்டது 1994-ல். அதே நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் ராபர்ட் ஹான்சன் இதே வேலையை 1979-ல் தொடங்கி, விட்டு விட்டு, 2001 வரை ஓட்டினார். இவர்களைச் சேர்த்த நாளில் எடுத்த ரேகையை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? வேலைக்குள் வந்த பிறகு கெட்டவர்கள் இவர்கள். அந்தக் கார் தினமும் வாகன நிறுத்தத்தில்தான் நின்றது. பார்க்கும் பொறுப்புதான் யாருக்கும் இல்லை, அல்லது பார்த்தும் சும்மா இருந்தார்கள்.

இவர்கள் பெரிய உளவாளிகள், நம் அலுவலகங்களுக்கு இது பொருந்தாது என்பீர்கள். சரி, இன்னொன்று சொல்கிறேன். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

2004-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆரன் அலெக்சிஸ் என்ற இளைஞர் கட்டடத் தொழிலாளி ஒருவரின் கார் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதானார். வழக்குத் தொடரப்படவில்லை. 2007-ல் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தபோது பின்னணி விசாரணை நடந்தது. கைது நடந்ததை ரேகை காட்டிக்கொடுத்தது. விசாரித்தவர் காவல் துறையின் மூல அறிக்கையை வாங்கிப் பார்க்கவில்லை, ஆளையே கேட்டார். அவர் சொன்னது அறிக்கையில் ஏறியது: டயர்களின் காற்றை இறக்கிவிட்டாராம். துப்பாக்கி என்ற சொல்லே அதில் இல்லை. ரகசிய ஆவணங்களைக் கையாளும் அனுமதி கிடைத்தது. கடற்படையை விட்டு வந்து ஒப்பந்த நிறுவனத்தின் கணினிப் பணியாளராகச் சேர்ந்தபோதும் அந்த அனுமதி கூடவே வந்தது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படை வளாகத்துக்குள் தன் நுழைவு அட்டையைக் காட்டிப் போய் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்.

‘சுட்டார்’ என்பது ‘காற்றை இறக்கினார்’ என்று மாறிய அந்த ஒரு வரியை எத்தனை மேலதிகாரிகள் படித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! கோப்பு எழுதிப் பழகியவன் என்பதால் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கட்டம் நிரம்பியிருந்தால் போதும், நாம் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

அந்த விசாரணையைச் செய்து கொடுத்ததும் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம்தான். 2008-க்கும் 2012-க்கும் இடையில் முழுதாக முடிக்காத 6,65,000 விசாரணைகளை முடிந்துவிட்டதாகச் சொல்லி அது அனுப்பிவைத்ததாக அமெரிக்க நீதித் துறையே வழக்குப் போட்டது. உள்ளே இதற்கு ‘டம்ப்பிங்’, அதாவது கொட்டித் தள்ளுவது, என்று பெயரே வைத்திருந்தார்களாம். இலக்கு வைத்து, தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் எந்த வேலையும் இப்படித்தான் நடக்கும்.

இப்போது எங்கள் அறைக்கு வருகிறேன். நிரந்தர ஊழியர்களான எங்கள் ஏழு பேரின் ரேகையும் உங்களிடம் இருக்கிறது. பிரிண்டர் பழுது பார்க்க வருகிறவரின் ரேகை இல்லை. மாலையில் குப்பைக் கூடையைக் காலி செய்கிறவர், ஸ்கேன் செய்ய ஏஜென்சி அனுப்பும் மூன்று இளைஞர்கள், சர்வரைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஆள், யாருடையதும் இல்லை. ஒருநாள் பிரிண்டரைத் திறந்தவர் உள்ளே சிக்கியிருந்த தாளை உருவி, மடிப்பை நீவி, மரியாதையாக என்னிடமே நீட்டினார். சாட்சி ஒருவரின் வீட்டு முகவரி அது. நல்ல மனிதர். ஆனால் அவர் நல்லவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துத்தான்.

அமெரிக்காவில் கூட்டரசின் வரி விவரங்களைக் கையாளும் மாநில அலுவலகங்களுக்கு ஒரு விதி உண்டு: ஒப்பந்தப் பணியாளர் உட்பட அந்த விவரங்களைத் தொடும் எல்லாருக்கும் ரேகைச் சோதனை, வாழ்ந்த ஊர்களின் காவல் பதிவு, குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுசோதனை. யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, காகிதத்தை யார் தொடுகிறார்கள் என்று பார்க்கிற விதி. உங்களால் ஏன் அப்படி எழுத முடியவில்லை?

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவுக்குத் தேர்வான ஒரு பெண், மாணவப் பருவத்தில் ஒரு போராட்டத்தில் கைதாகி விடுதலையானதைப் படிவத்தில் தானாகவே எழுதியிருந்தார். பதினான்கு மாதம் கோப்பு அசையவில்லை. கடைசியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். எழுதாமல் மறைத்திருந்தால் ஒருவேளை சேர்ந்திருப்பார். உண்மை சொன்னதற்குத் தண்டனை என்றால் அடுத்தவர் எதற்குச் சொல்லப் போகிறார்?

கைதுப் பதிவு மட்டும் முழு உண்மை ஆகாது. எஃப்பிஐ வைத்திருக்கும் கைதுப் பதிவுகளில் ஏறக்குறைய பாதியில் வழக்கின் முடிவே பதிவாகவில்லை என்று அமெரிக்க நீதித் துறையின் 2006 அறிக்கை ஒப்புக்கொண்டது. பிடித்தது இருக்கும், விட்டது இருக்காது. அதனால் ஒருவரை நிராகரிக்கும் முன் அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்து, ‘இது சரிதானா, என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். குற்றத்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்றும் பாருங்கள். நேற்று அடையாளத் திருட்டில் தண்டனை பெற்றவரைப் பதிவறைக்குள் விடக் கூடாது. இருபது வயதில் தெருச் சண்டையில் அபராதம் கட்டியவரை நாற்பது வயதில் விடலாம். பிரிட்டன் 1974-லேயே, சில பணிகளைத் தவிர மற்றவற்றில், பழைய சிறு தண்டனைகள் காலாவதியாகும்படி சட்டம் செய்தது.

இன்னொரு சின்ன விஷயம், சின்னதும் இல்லை. இப்படி எங்களைப் பற்றிச் சேர்த்துவைக்கும் கோப்புகளை எங்கே வைக்கிறீர்கள்? 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விவரங்கள் திருடுபோனது தெரியவந்தது. 56 லட்சம் பேரின் கைரேகையும் சேர்த்து. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. சரிபார்ப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள்.

கூடவே, எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார் என்ற பதிவை மாதம் ஒருமுறையாவது ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். எங்கள் கணினி அதை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுசோதனையைத் தொடங்குவதானால் மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். எங்கள் தாள்கள்தான் மிகப் பழையவை. எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அதற்குள் கூப்பிட்டால் வந்து விரலை நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
பதிவறை ஊழியர் ஒருவர்