நன்னீர் இறாலின் அளவுக் குறைபாடும் குடல் கிருமித் தொற்றும் தொடர்பான புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

சிதம்பரத்தில் சிறிய உணவகம் நடத்திவரும் நான், நான்கு ஆண்டுகளாகத் தங்களிடம் நன்னீர் இறால் வாங்கி வருகிறேன். சென்ற மாதம் 14ஆம் தேதி வந்த 10 கிலோ பெட்டியைப் பற்றி மூன்று முறை தொலைபேசியில் முறையிட்டும் தீர்வு கிடைக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிலோவுக்கு 20 முதல் 25 இறால் என்ற கவுண்டில் (எண்ணிக்கைத் தரத்தில்) வாங்கிய பெட்டியில் அதிகபட்சம் 250 இறால்கள் இருந்திருக்க வேண்டும். எண்ணியபோது 318 இருந்தன. 92 கிராம் எடையுள்ள நீலக்கால் ஆணுக்கு (நீல நிறக் கிடுக்கிக்கால் உள்ள பெரிய ஆண் இறாலுக்கு) பக்கத்திலேயே 14 கிராம் பொடி இறாலும் கிடந்தது. ஒரே குளத்து ஆண்களே ஒன்றுக்கொன்று ஏறுமாறாக வளரும் இனம் இது. அதனால்தான் தரம் பிரித்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். தங்கள் அலுவலரோ, நீளத்தை அளந்தால் சரியாக இருக்கும் என்றார். அளந்தேன். தலைக்கு முன்னே நீளும் முள் போன்ற கொம்பு முழுதாக இருந்த ஓர் இறால் 16 செ.மீ., நுனி ஒடிந்த இன்னொன்று 14.5 செ.மீ.; ஆனால் கண்குழி முதல் தலையோட்டின் பின்விளிம்பு வரை இரண்டும் ஒரே 4 செ.மீ. ஒடியக்கூடிய கொம்பையும் சேர்த்து அளந்த நீளத்தைக் காட்டி எடைக் குறைவுக்குச் சமாதானம் சொல்வது நியாயமில்லை.

அளவைவிட என்னை வருத்துவது குடல்தான். அறுவடைக்கு முன் தீவனத்தை நிறுத்திக் குடலைக் காலியாக்கியதாகப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். முதுகைக் கீறியபோது பெரும்பாலானவற்றில் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தக் குடல் கறுத்துத் தடித்து, விரல் பட்டதும் கிழிந்து கழிவு சதையில் பரவியது. சில இறால்களில் தலையை ஒட்டிய சதை கொழகொழவென்றிருந்தது. பிடித்த உடனே ஐஸில் போடாவிட்டால் தலையிலுள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் சதையைக் கரைத்துவிடும் என்பது இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

உடனே சமையலை நிறுத்தி, குடலையும், குடல் நீக்கிய சதையையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். குடலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியும், இரண்டு மாதிரிகளிலும் ஈ.கோலை என்ற குடல் கிருமியும் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது, நகலை இணைத்துள்ளேன். 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா அறவே இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும் என்ற தங்கள் அலுவலரின் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வேகும் முன் அந்த இறாலைத் தொடுவது என் சமையலறையில் வேலை செய்யும் இரண்டு அம்மாக்களின் கைகள். அன்று கொம்பின் முள் குத்தி அவர்களில் ஒருவருக்கு விரலில் காயம். அதே மேடையில்தான் பச்சடிக்கு வெங்காயமும் நறுக்குகிறோம்.

ஆகவே, பெட்டியின் முழு விலையையும் ஆய்வுக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குளத்துக்குப் பச்சைச் சாணமோ கோழி எருவோ இடப்பட்டதா, தீவனம் எப்போது நிறுத்தப்பட்டது, ஐஸ் எந்த நீரில் செய்யப்பட்டது ஆகிய மூன்றுக்கும் எழுத்துமூலம் பதில் தேவை. அதே குளத்துச் சரக்கு வேறு கடைகளுக்கும் போயிருந்தால், என் பணத்தைத் தருவதற்கு முன்பாகவே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்