இலையைக் கிள்ளலாம், கிழங்கை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த காட்டு லீக் ஆம்லெட் குறிப்பைப் படித்தேன். அமெரிக்கக் காடுகளில் வசந்தத்தில் முளைக்கும் ராம்ப்ஸ் என்ற வெங்காயக் குடும்பத்துச் செடியை முட்டையோடு சேர்த்துச் செய்வது அது. நம் ஊர்ப் பத்திரிகையில் அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். போன வருஷம் சித்திரை பிறந்த வாரத்தில் அதே செடியை என் கையால் பறித்துச் சமைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் தேவையான பொருட்களில் "செடி 15, வேர் நீக்கியது" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 29 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாமக்கல் முட்டை அட்டை அட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மிச்சத்தை வேகவைக்கச் சொல்வேன். முட்டை விஷயத்தில் எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மகளைப் பார்க்க அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் போன இடத்தில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு காடு. இங்கே மாரியம்மன் நோம்பிக்கு வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். அங்கே மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றன. தரையில் கணுக்கால் அளவு சருகு. அந்தச் சருகைத் தள்ளிக்கொண்டு திட்டுத் திட்டாகப் பச்சை. நம் ஈரோட்டு மஞ்சள் முளைத்து இலை விடும்போது இருக்குமே, அதே சாயல், அதைவிட மெத்தென்று. ஒரு செடிக்கு இரண்டு இலை, மிஞ்சினால் மூன்று. அடித்தண்டில் மட்டும் பீட்ரூட் சாயம் இறங்கினாற்போல ஒரு சிவப்பு. கசக்கினால் பூண்டும் வெங்காயமும் சேர்ந்த வாசம். கை கழுவியும் போகவில்லை.

சந்தைக்குச் சிறுகீரை பிடுங்குகிற பழக்கத்தில் நான் ஒரு செடியை அடியோடு இழுத்துவிட்டேன். வெள்ளைக் கிழங்கும் வேரும் மண்ணோடு வந்துவிட்டன. அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கி, சருகை விலக்கி, விரலாலேயே குழி பறித்து, திரும்ப ஊன்றி, கட்டைவிரலால் சுற்றிலும் அமுக்கினார். அப்புறம் மகளிடம் ஏதோ சொன்னார். "அம்மா, விதை விழுந்து இந்த அளவுக்கு வர ஏழு வருஷம் ஆயிருக்குமாம்" என்றாள் மகள். ஒன்றாம் வகுப்பில் முதல் தட்டு வாங்கின குழந்தை ஏழாம் வகுப்பு முடிக்கிற காலம். நான் இழுத்தது ஒரு நொடி.

அதன் வாழ்க்கையே அப்படி. மரங்கள் துளிர்த்து நிழல் கட்டுவதற்குள், கிடைக்கிற சில வார வெயிலில் வருஷத்துக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடை தொடங்கும்போது இலை மஞ்சளாகி மடிந்துவிடும். அதற்குப் பிறகு இலையே இல்லாத ஒரு தண்டில் பூக்கும். விழுந்த விதை முளைக்கவே ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம். அதனால்தான் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995இலேயே இதை விற்கத் தடை போட்டார்கள். வீட்டுக்கு எடுப்பவரும் வருஷத்துக்கு 50 கிழங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் தேசியப் பூங்காவில் 2004 முதல் பறிக்கவே கூடாது. அங்கே ஆராய்ந்தவர்கள், கிழங்கோடு எடுப்பதானால் ஒரு திட்டில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் எடுக்கலாம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் குறிப்பில் இருந்த 15 செடி இரண்டு பேர் சாப்பிடும் ஒரு வேளைக்கு!

இங்கே யாருக்கு அந்தச் செடி கிடைக்கப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரிலேயே அமெரிக்கா, கனடா என்று போன பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் உங்கள் பத்திரிகையைக் கைப்பேசியில் படிக்கிறார்கள். ஆர்வத்தில் காட்டுக்குள் இறங்கினால் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. லில்லி ஆஃப் தி வேலி, ஃபால்ஸ் ஹெல்லபோர் என்று இரண்டு விஷச் செடிகள் அதே பருவத்தில் கிட்டத்தட்ட அதே இலையோடு முளைக்கும். இலையைக் கசக்கி முகர்ந்துதான் பறிக்க வேண்டும். ஆனால் நாலு இலை பறித்ததுமே விரலில் பூண்டு வாசம் ஏறிவிடும், அதன்பிறகு எதைத் தொட்டாலும் அதே வாசம்தான் வரும். அதனால் அந்த அம்மா ஒவ்வொரு செடியின் அடித்தண்டிலும் அந்தச் சிவப்பைக் குனிந்து பார்த்த பிறகே கத்தரியை வைத்தார். ஒரு செடிக்கு ஒரே இலை. இரண்டு முழத்துக்கு ஒரு செடி.

சரி, சமையலுக்கு வருகிறேன். முதல் நாள் நான் செய்தது நன்றாக வரவில்லை. கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இலையைப் போட்டு நன்றாக வதக்கி, முட்டையை ஊற்றினேன். மிளகாயும் கடுகும்தான் நாக்கில் நின்றன. இலை கறுத்து, கொழகொழவென்று ஆகிவிட்டது. மறுநாள் தாளிப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டு, அடி கனமான சட்டியில் வெண்ணெய் உருகியதும், இலைக்காம்பைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். அது கண்ணாடி போல ஆனபிறகுதான் இலை. பத்து எண்ணுவதற்குள் சுருங்கிவிடும். உடனே, உப்பும் இடித்த மிளகும் போட்டு அடித்து வைத்த நாலு முட்டையை ஊற்றி, தீயைக் குறைத்து, அகப்பையால் மெதுவாக ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஈரம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மிச்சம் சட்டிச் சூட்டிலேயே வெந்துவிடும். நாலு முட்டைக்கு எட்டு இலை போதும். உங்கள் குறிப்பில் இலையைப் பத்து நிமிடம் வதக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாசம் மொத்தமும் போய்விடும். அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கையும் இதையும் வறுத்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்ற ஊரில் வசந்தத்துக்கு வசந்தம் ஊர் கூடி இதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்றும் அந்த அம்மா சொன்னார்.

இங்கே இருப்பவர்களுக்கு உங்கள் குறிப்பு சொல்லும் மாற்று, கடையில் விற்கும் ஸ்பிரிங் ஆனியன். அதைவிடச் சின்ன வெங்காயத் தாள் எவ்வளவோ மேல். பொங்கலூர், குடிமங்கலம் பக்கம் வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போகிற பெண்கள் அறுத்து மடியில் கட்டி வருவார்களே, அந்தத் தாள். அதிலே பூண்டு வாசம் குறையும். அதற்கு, முளைவிட்ட பூண்டுப் பற்களைத் தொட்டியில் ஊன்றி வையுங்கள். மூன்று வாரத்தில் ஒரு சாண் தாள் வந்துவிடும். இரண்டு பிடி வெங்காயத் தாளுக்கு நாலைந்து பூண்டுத் தாள். இரண்டையும் அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். நாட்டுக்கோழி முட்டை கிடைத்தால் ருசி கூடும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் இதுவரை தொட்டுக்கொண்டதில்லை.

அந்த அம்மா ஒரு செடிக்கு ஓர் இலை கத்தரித்தபோது எனக்கு என் அம்மாயி ஞாபகம்தான் வந்தது. ஐப்பசி மழை பெய்து பதினைந்து நாளில் எங்கள் சோளக்காட்டிலும் கிளுவை வேலியோரமும் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் கலந்து கிளம்பும். அம்மாயி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நகத்தால் நுனியை மட்டும் கிள்ளுவார். நான் வேரோடு இழுத்தால், "நுனியக் கிள்ளுனாப் போதும் கண்ணு, வேரு அதுக்கு வேணும்" என்பார். கிள்ளின இடத்தில் இரண்டு கொழுந்து வெடிக்கும். காட்டின் நாலு மூலையிலும் சில செடிகளைத் தொடவே மாட்டார். அவை பூத்து விதை கொட்டும். இன்றைக்குக் களைக்கொல்லி அடித்த காடுகளில் அந்தக் கீரைகளைத் தேடினாலும் கிடைப்பதில்லை. சந்தையில் கேட்டால் பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை.

ஆகவே ஆசிரியருக்கு இரண்டு கோரிக்கைகள். காட்டில் பறிக்கிற எதற்குச் சமையல் குறிப்பு போட்டாலும், எப்படிப் பறிக்க வேண்டும், எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். "செடி 15" என்பதை "இலை 8" என்று அடுத்த ஞாயிறு திருத்துங்கள். அப்புறம், அமெரிக்கக் காட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்த நீங்கள் நம் மழைக்கீரைகளுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். எங்கள் காட்டில் மருந்தே அடிக்காமல் வேலியோரம் ஒரு துண்டு நிலத்தை இந்தக் கீரைகளுக்காகவே விட்டு வைத்திருக்கிறோம். ஐப்பசியில் முதல் மழை விழுந்து பதினைந்தாம் நாள் உங்கள் நிருபர் யாராவது கேமராவோடு வந்தால், எது தொய்யல், எது குமிட்டி என்று கூடவே நடந்து காட்டுகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.