மரத்துண்டுப் பையில் மரத்தின் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் வீட்டு மாடியில் சிறிய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு பேனா, பம்பரம், கிண்ணம் என்று பொழுதுபோக்காகக் கடைசல் பிடித்து வருகிறேன். வேம்பும் தேக்கும் கடைந்த இரண்டு ஆண்டுகளில் உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை. மத்திய அமெரிக்காவில் விளையும் கோகோபோலோ மரத்துண்டுகளை இணையத்தில் வாங்கிப் பேனா கடையத் தொடங்கிய மூன்றாம் வாரம், ஒரு காலையில் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மெட்ராஸ் ஐ என்று சொல்லி வீட்டில் என் துண்டையும் தலையணையையும் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். கைக்கடிகாரப் பட்டைக்கு அடியிலும் சட்டைக் காலர் உரசும் இடத்திலும் தடித்துச் சிவந்த பிறகுதான், வியர்வையோடு மரத்தூள் தங்கும் இடமெல்லாம் அரிக்கிறது என்பது விளங்கியது.

கோகோபோலோ நம் ஈட்டி மரத்தின் இனம். இவ்வின மரங்களின் வைரம் பாய்ந்த பகுதியிலுள்ள குவினோன் வகை வேதிப்பொருள்கள்தாம் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. சேங்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளித்தவர்களுக்கு இது புதிதல்ல. உடம்பு அப்பொருளை ஒருமுறை பகையாகக் கண்டுகொண்டால், பின்னர் ஒரு சிட்டிகைத் தூள் பட்டாலும் ஓரிரு நாளில் தடிப்பு கிளம்பிவிடும். இந்தத் தாமதத்தால்தான் பலருக்கும் மரத்தின் மீது சந்தேகமே எழுவதில்லை. மெருகேற்றி முடித்த பேனாவைக் காட்டிலும், உப்புத்தாள் போடும்போது பறக்கும் நுண்ணிய தூளே பெரும் தொல்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருப்பதால் முகக்கவசம் கட்டாயம்தான். ஆனால் அதைக் கட்டிக்கொண்டே வேலை செய்த எனக்கு இமைதான் முதலில் வீங்கியது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூளை அங்கேயே உறிஞ்சும் கருவி, வேலை முடிந்த கையோடு குளியல் ஆகியவையும் சேர்ந்தால்தான் தோலுக்குப் பாதுகாப்பு.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது, "எந்த மரம்?" என்பதே. என்னிடமிருந்த மூன்று பைகளில் ஒன்றில் மட்டுமே பெயர் இருந்தது. மற்ற இரண்டிலும் 'அயல்நாட்டு மரம், கலவை' என்று அச்சிட்டிருந்தார்கள். பெயர் தெரியாத தூளை முதுகில் ஒட்டிச் சோதித்தால் அதுவே புண்ணையும் புதிய ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும் என்று அவர் மறுத்துவிட்டார். விற்றவரிடம் கேட்டேன், எல்லாம் கலந்துதான் வருகிறது என்றார்.

இந்தப் பதிலை ஏற்பதற்கில்லை. ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அவ்வின மரக்கட்டை எதுவும் தாவரவியல் பெயர் குறித்த அனுமதிச் சீட்டு இல்லாமல் முறையாக எல்லை தாண்ட முடியாது. துறைமுகத்தில் தாளில் இருக்கும் பெயர் எங்களுக்கு வரும் பையில் ஏன் இல்லை? மரத்தின் பெயரையும், தூளால் தோல் ஒவ்வாமை வரலாம் என்ற ஒரு வரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடாத பைகளை விற்க இணைய அங்காடிகள் இடம் தரக்கூடாது என்று நுகர்வோர் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி.