"எல்லாச் செவர்லேக்கும் பொருந்தும்" என்று விளம்பரம் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகை கைக்கு வந்தால் நான் முதலில் விரிப்பது வரிவிளம்பரப் பக்கத்தைத்தான். ஸ்காபரோவில் ஒரு கராச்சில் 26 வருடமாக வேலை செய்கிறேன். பழைய அமெரிக்க ட்றக்குகளின் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ்தான் என் கையில் கூடுதலாக வருவது. உங்கள் பக்கத்தில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வசனத்துக்காக இதை எழுதுகிறேன்: "350 எஞ்சின் விற்பனைக்கு, எல்லாச் செவர்லே கியர்பொக்ஸுக்கும் பொருந்தும்." 350, 305, 400 என்பவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு.

போன பங்குனியில் ஒரு தம்பி 1978 செவர்லே சி-10 ட்றக்கோடு வந்தார். கோடையில் புல்லுவெட்டு, பனிக்காலத்தில் பனி அள்ளுவது, இரண்டுக்கும் அவருக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான். பழைய 305 எஞ்சின் போய்விட்டதால் விளம்பரம் பார்த்து ஒரு 350 வாங்கி, சிநேகிதரோடு சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே மாற்றியிருக்கிறார். "அண்ணை, எல்லா போல்ட்டும் கையாலேயே ஏறினது. ஆனா ஸ்ராட் பண்ணினா வண்டி நடுங்குது" என்றார். நியூற்றலில் வைத்து மெல்ல அக்சிலேற்றரைக் கூட்டிப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் பின்னால் நின்ற கார் இரண்டாகத் தெரிந்தது. கியர் போடாமலே நடுங்குகிறது, சுழற்சி கூடக் கூட நடுக்கமும் கூடுகிறது என்றால் கோளாறு கியருக்குள் இல்லை.

கீழே படுத்து எஞ்சின் பக்கத்தைப் பார்த்தேன். வட்டத் தகர மூடிகள் பக்கத்துக்கு மூன்று இருந்தன. 350 இல் இரண்டுதான் இருக்கும். அவருக்கு 350 என்று விற்றது 400. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே சாயல், கியர்பொக்ஸோடு சேரும் போல்ட் ஓட்டைகளும் ஒன்றுதான். ஆனால் 400 இன் சமநிலைப் பாரத்தில் ஒரு பங்கு எஞ்சினுக்கு வெளியே, முன்னால் டாம்பர் என்ற சக்கரத்திலும், பின்னால் எஞ்சினைக் கொன்வேட்டரோடு இணைக்கும் பிளெக்ஸ் பிளேற் என்ற பல்லுத் தட்டிலும் இருக்கிறது. முன் டாம்பர் எஞ்சினோடு வந்துவிட்டது. பின்னால் அவர் பூட்டியது 305 இன் பாரம் இல்லாத தட்டு. கழற்றிக் கையில் எடுத்தபோது போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் தட்டு நடுரோட்டில் பிய்ந்திருக்கும். பாரம் வைத்த சரியான தட்டு நூறு டொலருக்குள் கிடைத்தது. அந்த ஒரு தட்டுக்காக அவர் மூன்று கிழமை வேலை இழந்தார்.

உண்மையான 350 என்றாலும் வருடம் கேட்க வேண்டும். 1986 இல் பின் எண்ணெய் சீலை இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாற்றினார்கள். அதோடு கிராங்க் தண்டின் பின்முகமும் மாறியது. போல்ட் வட்டம் சிறிதாகி, பின்பக்கச் சமநிலைப் பாரமும் தட்டுக்குப் போய்விட்டது. பழைய தட்டு இதில் ஏறவே ஏறாது. தட்டின் பற்களிலும் 153, 168 என்று இரண்டு வகை இருப்பதால் ஸ்ராட்டரையும் பார்த்தே வாங்க வேண்டும். கியர்பொக்ஸ் பக்கமும் அப்படித்தான். கியர்பொக்ஸுக்கு ரேர்போ 350 என்று ஒரே பெயர் இருந்தாலும் பூயிக், ஓல்ட்ஸ்மொபீல், பொன்ரியக் வண்டிகளுக்குச் செய்த உறை செவர்லே எஞ்சினில் உட்காராது.

வீட்டில் செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பொக்ஸுக்குக் கொடுக்கும் கொன்வேட்டரை உள்ளே தள்ளும்போது சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள். உள்ளே மூன்று இடத்தில் அது பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று இறங்குவது கைக்குத் தெரியும். அப்புறம் கியர்பொக்ஸை எஞ்சினோடு சேர்த்தால் இரண்டு முகமும் கையாலேயே ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். எல்லாம் சரியாக உட்கார்ந்தால் கொன்வேட்டருக்கும் தட்டுக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்.

401 நெடுஞ்சாலையில் பெற்றோல் மிச்சம் பிடிக்க 700ஆர்4 என்ற நாலு கியர்ப் பெட்டி போடுபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல பெட்டிதான். நாலாம் கியரின் விகிதம் 0.70 என்பதால் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே வேகத்தில் 2100 இல் ஓடும். ஆனால் காபரேற்றரிலிருந்து வரும் அதன் கேபிளை, பழைய பெட்டியில் அழுத்தி மிதித்தால் கீழ்க்கியருக்கு இறக்க மட்டும் இருந்த கிக்டவுன் கேபிள் போல நினைத்துக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவதே அந்தக் கேபிள்தான். அது தளர்ந்திருந்தால் கிளச்சுகள் வழுக்கி எரியும். அப்படி எரிந்த பெட்டிகளை நான் எத்தனையோ பிரித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த போர்க்காலத்தில் ஓஸ்ரின் கேம்பிரிச் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன், அதில் வளர்ந்தவன்தான் நானும். அந்தக் கைத்திறன் உள்ள பிள்ளைக்குப் பொய்யான பெயரில் சாமான் விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே ஒரு கேள்வி. எஞ்சினோ கியர்பொக்ஸோ விற்க விளம்பரம் தருபவரிடம், எந்த வருடம், புளொக்கில் வார்த்திருக்கும் இலக்கம் என்ன, பிளெக்ஸ் பிளேற்றும் கொன்வேட்டரும் சேர்த்துத் தருகிறாரா என்று உங்கள் அலுவலகம் கேட்டுப் போட முடியுமா? விளம்பரத்தில் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்கு மட்டும் காசு வாங்காமல் விட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்
ஸ்காபரோ