லயன் வீட்டுக்கும் முகவரி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மலையகத்துக் கொட்டகலையிலிருந்து விலைக்கழிவுப் பொருள்களை இணையவழியில் விற்கும் சிறு கடையொன்றை நானும் என் தங்கையும் கடந்த ஆண்டு தொடங்கினோம். கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் எஞ்சிய கம்பளிப் போர்வை, பாடசாலைச் சப்பாத்து, மழைக்கவசம் ஆகியவற்றை மலிவாக வாங்கிச் சிறு இலாபத்துக்கு விற்கிறோம். ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்யும் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் விலைக்கழிவும், நட்டத்தைத் தாங்கும் முதலும் எம்மிடம் இல்லை. ஆயினும், எந்தப் போர்வை நுவரெலியாப் பனிக்குத் தாங்கும் என்பதைத் தொலைபேசியில் தமிழிலேயே விளக்கவும், தோட்டத் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளறிந்து விலையைக் குறைக்கவும் எம்மால் முடியும்.

போட்டியைவிட எம்மை அதிகம் வருத்துவது முகவரி இல்லாமைதான். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கம் இல்லாததால், பொதிகள் தோட்ட அலுவலகத்திலோ பிரதான வீதிக் கடையிலோ தேங்கிவிடுகின்றன. சென்ற மாதம் அனுப்பிய மழைக்கவசம் ஒன்பது நாள் கிடந்து, ஈரமேறிய பெட்டியோடு திரும்பி வந்தது. போகவும் வரவுமான கட்டணம் இரண்டையும் நாமே செலுத்தினோம். பொருள் கிடைத்தபின் பணம் கொடுக்கும் முறையில் இப்படி இரண்டு பொதிகள் திரும்பினால், பத்து விற்பனையின் இலாபம் போய்விடும். இதே காரணத்தால் நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளின் வேதனையும் மலையகத்துக்குப் புதிதல்ல.

ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் இலக்கம் வழங்கி, தபாலை வீட்டு வாசலிலேயே சேர்ப்பிக்க அஞ்சல் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் விரைந்து ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டகலை.