எதுக்கெடுத்தாலும் 777 போடச் சொல்லாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல லினக்ஸ் பர்மிஷன் (எந்த ஃபைல யார் படிக்கலாம், மாத்தலாம், ஓட்டலாம்ங்கற அனுமதி) பத்தியும் எழுதுங்க சார். 'பர்மிஷன் டினைட்'னு வந்தாலே சிஎச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுக்கற கட்டளை) போடுன்னு சொல்லிக் குடுக்கறவங்கதான் அதிகம், அதையே ரூட் ஃபோல்டர்ல (மொத்த சிஸ்டமும் இருக்கற '/' ஃபோல்டர்) மொத்தமா போட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்றதில்ல. சுடோ (ரூட்ங்கற அட்மினோட அதிகாரத்துல கட்டளை ஓட்டற புரோகிராம்) ஃபைலுக்கு பொதுவா 4755 இருக்கணும், முன்னாடி இருக்கற அந்த 4 (யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோட ஓட வைக்கறது) போயிட்டா சுடோவே ஓடாது, அப்புறம் எதை வச்சு சரி பண்றது?

அதுக்காக எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடணும்னு இல்லங்க. லைவ் யுஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடற பென்டிரைவ்) பூட் பண்ணி, கெட்டுப்போன சிஸ்டத்தோட டிஸ்க்க மவுண்ட் பண்ணி (அதுல இருக்கற ஃபைலெல்லாம் தெரியற மாதிரி இணைச்சு), சுடோவுக்கு 4755, சுடோயர்ஸ் ஃபைலுக்கு (யாரெல்லாம் சுடோ போடலாம்னு இருக்கற ஃபைல்) 440, டெம்ப் ஃபோல்டருக்கு 1777 குடுத்தா பாதி உயிர் வந்துடும் (மவுண்ட் பண்ண இடத்துல இருக்கற ஃபைலுக்கு குடுக்கணும், லைவ் சிஸ்டத்தோடதுக்கு இல்ல). ஃபெடோரா லினக்ஸ்ல ஆர்பிஎம்மோட (பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற கருவி) செட்பெர்ம்ஸ் ஆப்ஷன் பேக்கேஜ் ஃபைல் பர்மிஷனெல்லாம் பழையபடி வச்சிடும், உபுண்டு, டெபியன்ல பேக்கேஜ ரீஇன்ஸ்டால் பண்ணணும். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா வேற கம்ப்யூட்டர்ல லாகின் பண்றது) ப்ரைவேட் கீ ஃபைலுக்கு 600 குடுக்கணும். பாஸ்வேர்ட் சரியா போட்டும் லாகின் ஸ்க்ரீனுக்கே திரும்பி வந்தா ஹோம் ஃபோல்டர்ல எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் (திரையில படம் காட்ட அனுமதி தர்ற ஃபைல்) ரூட் பேர்ல மாறியிருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா சிஎச்ஓன் (ஃபைலோட ஓனர மாத்தற கட்டளை) போட்டு உங்க பேருக்கு மாத்தினா போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்