சொந்த மைதான ஆட்டங்களில் உணவுப்பொருள் சேகரிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல், நம் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாள்களில் நுழைவாயிலருகே உணவுப்பொருள்கள் சேகரிக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், களத்தில் பரம வைரிகளான லிவர்பூல், எவர்ட்டன் அணிகளின் ரசிகர்கள் 2015-இல் கைகோத்து, ஆட்ட நாள்களில் மைதானத்துக்கு வெளியே உணவு வங்கிகளுக்காக (வறியவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் வழங்கும் அமைப்புகள்) பொருள் திரட்டத் தொடங்கிய முறையையே நாமும் பின்பற்ற இருக்கிறோம். பசிக்கு அணி நிறம் கிடையாது என்பது அவர்களின் முழக்கம். ஆகவே எதிரணி ரசிகர்களிடமும் தயங்காமல் கேட்கலாம் (ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது).

அரிசி, பருப்பு, ரவை, சமையல் எண்ணெய் ஆகியவற்றை உறை பிரிக்காமலும், காலாவதி நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதங்கள் எஞ்சியிருக்கும்படியும் பார்த்துக் கொண்டுவரவும். சமைத்த உணவும் கண்ணாடிப் புட்டிகளும் ஏற்கப்படமாட்டா. ரொக்கம் அறவே வேண்டாம். பொருளை எடைபோட்டுக் கணக்குக் காட்டுவது எளிது, பணத்துக்குக் காட்டுவது அப்படியன்று. ஆட்டம் முடிந்ததும் இரு உறுப்பினர்கள் முன்னிலையில் எடைபோட்டு, விவரம் இக்குழுவிலேயே பதிவிடப்படும். மறுநாள் காலை பொருள்கள் ஊரிலுள்ள முதியோர் இல்லத்திடம் ஒப்படைக்கப்படும். வாயிலில் நின்று உதவ இயன்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே தெரிவிக்கவும்.

– செயலாளர்